மஞ்சள் கோடு இல்லாத நட்டு

காரமடை
10 பிப்ரவரி 2025

தேஜா அக்காவுக்கு,

நான் முதலில் பார்த்தது ஒரு நட்டைத்தான். முன் இடது சக்கரத்தில், ஸ்டியரிங் ராடு வந்து சேரும் இடத்தில் இருக்கும் நட்டு. அதில் மஞ்சள் கோடு இல்லை.

அந்த ரேஸ் வண்டியில் என் கணக்கில் இருநூற்றுப் பதினான்கு நட்டு. ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, இறுக்கம் போதும் என்று அது 'டக்' சத்தம் போட்ட பிறகு, நட்டையும் போல்ட்டையும் சேர்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவேன். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடும். கோடே இல்லையென்றால் அதில் ரெஞ்சு படவில்லை என்று அர்த்தம். இது உங்களுக்குத் தெரியாததில்லை. போத்தனூர் பட்டறையில் பதினொரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "அம்மணி வண்டிக்குக் கோலம் போடறாளாமா" என்று கேலி செய்தவர் நீங்கள்.

வெள்ளிக்கிழமை காலை டிராக்கில் வண்டியை இறக்கியபோது எல்லாக் கோடும் சரியாக இருந்தது. பிறகு தள்ளிப் பார்த்ததில் ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது என்று வண்டியை வடிவமைத்த பவன் அண்ணன் அந்த ஒரு நட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு வாஷர் கூட்டி வைத்தார். நட்டைக் கையால் திருகிவிட்டு எழுந்தார். நான் ரெஞ்சோடு குனிந்தேன். "பூசை முடியட்டும் அம்மணி, அப்பறம் போட்டுக்கலாம்" என்றார். மணி பத்தேகால்.

பத்தரைக்கு ராகு காலம். வண்டி அதற்குள் நகர்ந்தாக வேண்டும் என்று டீமை நடத்தும் அவருடைய அப்பா கோபாலசாமி சார் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "நல்ல நேரத்துல பத்தடி நகத்தி வெச்சுப்போட்டாப் போதும். அப்பறம் ராகு காலம் ஒண்ணும் பண்ணாது. மிச்ச வேலைய சாவகாசமாப் பாத்துக்கோங்க." நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பேசிக்கொண்டது இதுதான்: நீங்கள் வண்டியை எடுத்து, பழத்தை நசுக்கிப் பத்தடி போய் நிறுத்த வேண்டும். நான் நட்டுகளைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டிய பிறகுதான் டிராக்கில் ஏற வேண்டும்.

நீங்கள் நிறுத்தவில்லை. நான் கையைத் தூக்கினேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. "நட்டெல்லாம் மோகனா வேலைங்க சார்" என்று கோபாலசாமி சாரிடம் நீங்கள் சொன்னீர்கள். பவன் அண்ணன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போனில் என் குரல் வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

மோகனப்பிரியா


வடவள்ளி
14 பிப்ரவரி 2025

மோகனா,

உன் நம்பரை பிளாக் செய்தேன். அப்படியும் தபாலில் வந்து நிற்கிறாய். நான் தூங்கும்போது அம்மா கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டாள். "எழுதிக் கேட்ட புள்ளைக்கு எழுதித்தான் பதில் சொல்லோணும்" என்று பேனாவைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். உடைந்தது இடது மணிக்கட்டு. தப்பிக்க வழியில்லை.

சாத்துக்குடி நன்றாக இருந்தது. அதைச் சொல்லியாகிவிட்டது.

இப்போது கேள். இரண்டாவது சுற்று, மூன்றாவது வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கையில் கனமே இல்லை, பொம்மை காரின் ஸ்டியரிங் மாதிரி. வலது சக்கரம் திரும்பியது. இடது சக்கரம் அது பாட்டுக்கு நேராகப் போனது. எதிரே டயர் அடுக்கு. பிரேக்கை மிதித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் தெரியுமா? எனக்கும் தெரியாது. அடுக்கில் ஒரு டயரில் வெள்ளைச் சாக்பீஸில் யாரோ 7 என்று எழுதியிருந்தது மட்டும் தெரியும்.

பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்தது இரண்டு சுற்று.

நீ என்ன செய்தாய்? கையைத் தூக்கினாய். வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பிள்ளை மாதிரி, காதுக்குப் பக்கத்தில், பாதிக் கை. எஞ்சின் சத்தத்தில் கத்தினாலும் கேட்டிருக்காது என்று சொல்வாய். கத்திப் பார்த்தாயா? ஓடி வந்து மூக்கில் அடித்திருக்கலாம். ரெஞ்சை வீசியிருக்கலாம். வாய் என்று ஒன்று இருக்கிறதல்லவா உனக்கு? பவன் "அப்பறம்" என்றால் நீ ஏன் விட்டாய்? நட்டு உன் வேலை. உன் வேலை என்றுதான் சொன்னேன். அதில் பொய் என்ன இருக்கிறது?

இனி எழுதாதே.

தேஜா


காரமடை
17 பிப்ரவரி 2025

அக்கா,

எழுதாதே என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் தினமும் ஒருவர் எழுந்து இங்கிலீஷ் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். என் முறை வந்தால் முதல் வார்த்தையிலேயே தொண்டை அடைத்துவிடும். அறுபது பேரும் சிரிப்பார்கள். ஒரு நாள் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை. அவ்வளவுதான் என் படிப்பு. இதைப் பட்டறையில் உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன். அதை எடுத்து, உங்களுக்குக் கை வலிக்கும் நேரத்தில், என் மேலேயே வீசுகிறீர்கள்.

கத்தியிருக்க வேண்டும். அது உண்மை. அன்றிலிருந்து தினமும் அதைத்தான் நினைக்கிறேன். உங்களுக்குப் பதில் சொல்வதற்காக இல்லை.

ஆனால் வாயைத் திறக்கவில்லை என்பது பொய். திறந்தேன். "அண்ணா, இதுல கோடு இல்லீங்" என்று பவன் அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏனுங் அம்மணி, வண்டிய டிசைன் பண்ணுனது நீங்களா நானா?" பக்கத்தில் ஸ்பான்சர் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். சிரித்தார்கள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

நேற்று கோபாலசாமி சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரை நிறுத்த இடமில்லாமல் மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் டைப் அடித்த காகிதம். "எனது அஜாக்கிரதையால் நட்டு இறுக்கப்படாமல் விடப்பட்டது" என்று இருக்கிறது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"கோவிச்சுக்காதே கண்ணு. ஆளை மாத்தியாச்சுன்னு ஸ்பான்சர்கிட்டக் காட்டோணும். இல்லீன்னா வண்டி கொட்டாயிலயே கெடந்து துரு ஏறிப்போயிரும்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காப்பி குடித்தார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் அப்பா மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். யாரோடும் வம்புக்குப் போகமாட்டார். "போட்டுக் குடுத்துரு கண்ணு, பெரிய மனுசன் ஊடு தேடி வந்திருக்காரு" என்கிறார். காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அதில் கையெழுத்துப் போட்டால் கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையிலும் என் கையில் ரெஞ்சு கொடுக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பேச வேண்டியிராத வேலையும் அது ஒன்றுதான்.

இன்னொன்று. நான் பாதிக் கை தூக்கியதும், அது காதுக்குப் பக்கத்தில் இருந்ததும் உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் எலுமிச்சம்பழத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

மோகனப்பிரியா


வடவள்ளி
21 பிப்ரவரி 2025

மோகனா,

ஹெல்மெட் கண்ணாடியை மூடியிருந்தேன். எதிரே வெயில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கை தூக்கியதை நீதான் முதல் கடிதத்தில் எழுதினாய். உன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பதினொரு மாதம் பார்த்த கைதானே.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்பு.

காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். என்னை இழுக்காதே. எனக்கு இந்த வருஷம் வேறு டீமும் இல்லை, வேறு வண்டியும் இல்லை. கோபாலசாமி சார் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பார்த்தார். நான் அங்கே போய் என்ன பேச முடியும்?

தேஜா


காரமடை
24 பிப்ரவரி 2025

அக்கா,

கண்ணாடியை மூடியிருந்தீர்களா?

அப்படியென்றால் உங்கள் அம்மா எப்படிப் பொட்டு வைத்தார்கள்? நீங்கள் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிய பிறகுதான் அத்தை குங்குமத்தோடு வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்ற நேரம் இல்லை என்று பவன் அண்ணன் கத்தினார். அத்தை ஹெல்மெட்டுக்குள் விரலை விட்டு இரண்டு புருவத்துக்கும் நடுவே வைத்தார்கள். கொஞ்சம் மூக்கிலும் பட்டுவிட்டது. நீங்கள் தும்மினீர்கள். அதற்குப் பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கவேயில்லை. உடனே எஞ்சினைப் போட்டீர்கள்.

அத்தை இந்தக் கடிதத்தையும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அத்தை, உங்களை இதில் இழுப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

எனக்கும் வேறு பட்டறை இல்லை. வேறு வண்டியும் இல்லை. நீங்கள் எழுதிய அதே வரியை எனக்கும் எழுதத் தெரியும். நீங்கள் பேசாமல் இருந்தால் உங்களுக்கு ஒரு வண்டி கிடைக்கும். நான் பேசாமல் இருந்தால் எனக்கு அந்தக் காகிதம் கிடைக்கும். நான் பேசாதவள் என்றுதானே எல்லோரும் பேசாமல் இருக்கிறீர்கள்?

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். முதல் மூன்றில் இன்னும் மோசமாகத் திட்டியிருந்தேன்.

மோகனப்பிரியா


வடவள்ளி
1 மார்ச் 2025

மோகனா,

அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். நேற்று மட்டும் வாயைத் திறந்தாள். "நான் பொட்டு வெச்சப்ப கண்ணாடி தொறந்துதான் இருந்துச்சு. எனக்கு வயசாயிருக்கு, கண்ணு அவிஞ்சு போகலை."

பார்த்தேன்.

உன் கையைப் பார்த்தேன். நட்டுக்காகத்தான் தூக்குகிறாய் என்பதும் தெரிந்தது. பத்தடியில் நிறுத்தியிருக்க வேண்டும். காலடியில் வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரே டிராக் காலியாக இருந்தது. நிறுத்தினால் மறுபடி பவன் வந்து குனிவான், அவன் அப்பா மணியைப் பார்ப்பார், ஸ்பான்சர்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு சுற்று என்று நினைத்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்று.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன். தூக்கியது பவனுடைய கையாக இருந்திருந்தால் நின்றிருப்பேன். உன்னுடையது என்பதால் போனேன்.

புதன்கிழமை கோபாலசாமி சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்படின்னா தப்பு ரெண்டு பேரு மேலயும் இருக்குது. சரி, அந்தப் புள்ள கையெழுத்து மொதல்ல வரட்டும்" என்றார். பவன் என்ன செய்தான் என்று கேட்டேன். "அவன் இஞ்சினியரு. அவனுக்கு ஆயிரம் சோலி" என்றார். அந்த ஆயிரத்தில் ஒன்று அந்த நட்டு என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அந்த ஆத்திரத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பவன் கழற்றியது, அப்புறம் என்றது, நீ கை தூக்கியது, நான் பார்த்தும் போனது. இதோடு வைத்திருக்கிறேன். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை. தானாகவே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வண்டியைச் சரி செய்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, ஏழாம் தேதி, மறுபடியும் டெஸ்ட். ஓட்டப் போவது பவன். அதே மாதிரிப் பத்தரைக்குள் பழத்தின் மேல் ஏற்றுவதாம். உன் இடத்துக்கு நிதீஷ் என்று ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். வேறு டீமில் டயர் மாற்றுகிறவர். மஞ்சள் பேனா எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பேனாவால் தன் டிபன் டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம். பட்டறையில் இருந்து படம் அனுப்பினார்கள். பெயருக்குக் கீழே இரண்டு பூ வேறு.

அன்று காலை எனக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். வர முடியாது. வந்தாலும் யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன்.

தேஜா


காரமடை
8 மார்ச் 2025

அக்கா,

நேற்று போயிருந்தேன். போனில் சொல்ல வரவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன்.

காலை ரயிலில் இறங்கி, பஸ் மாறி, டிராக்குக்குப் போகும்போது மணி ஒன்பதரை. கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் கோபாலசாமி சார் என்னை உள்ளே விடச் சொன்னார். அவருடைய காகிதத்தைக் கையெழுத்து இல்லாமலும், உங்கள் காகிதத்தைக் கையெழுத்தோடும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் உங்களுடையதைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பூசை முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்பாவுக்கும் மகனுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்போல.

வண்டியைச் சுற்றி நடந்தேன். முன்பக்கத்தில் மட்டும் எட்டு நட்டில் கோடு இல்லை. நிதீஷ் அண்ணன் நல்லவர், கேட்டதும் சொல்லிவிட்டார். "ராத்திரி கழட்டி மாட்டுனதுங்க. கையில இறுக்கி வெச்சிருக்கேன். ரெஞ்சு பவன் சார் கார் டிக்கியில இருக்குது. பத்தடி உருட்டுன அப்பறம் எடுத்துத் தாரேன்னு சொன்னாருங்க."

பவன் அண்ணன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டியிருந்தார். கிட்டப் போய், "அண்ணா, எட்டு நட்டுல கோடு இல்லீங்" என்றேன். என்னைப் பார்த்தார். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

மணி பத்து இருபது. ஸ்பான்சர்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கத்த வேண்டும் என்றுதான் ரயிலில் வரும்போது முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கடிதம் கைப்பையில் இருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கையைத் தூக்கவில்லை. குனிந்தேன். முன் இடது டயருக்கு அடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தேன். அப்புறம் முன் வலது. பின்னால் போய் மற்ற இரண்டையும் எடுத்தேன். நான்கையும் துப்பட்டாவில் முடிந்துகொண்டேன்.

"ஏம்மா, அதைய எதுக்கு எடுக்கறே?" என்றார் கோபாலசாமி சார்.

"இது இல்லீன்னா வண்டி நகராதுங்களே." குரல் வந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை.

"வெளையாடாதே அம்மணி. கொண்டா இங்கே. மணியாவுது."

"தர மாட்டனுங்க."

"பழமில்லாம எடுங்க சார், என்ன இப்ப" என்றார் ஸ்பான்சர்காரர்களில் ஒருவர். கோபாலசாமி சார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் போனைக் கீழே இறக்கிவிட்டார். பவன் அண்ணன் கண்ணாடியை ஏற்றிக் கத்தினார். "அப்பா, அவகிட்டப் புடுங்குங்கப்பா!" பெல்ட்டில் கட்டுண்டு கிடந்ததால் அவரால் எழ முடியவில்லை. வயசுப் பெண்ணின் துப்பட்டாவில் யார் கை வைப்பது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிதீஷ் அண்ணனை மெயின் ரோட்டுக் கடைக்கு பைக்கில் விரட்டினார்கள். போகும்போது என்னைப் பார்த்து அவர் சிரித்த மாதிரி இருந்தது. பைக்கை மெதுவாகத்தான் ஓட்டினார் என்று நினைக்கிறேன். பழத்தோடு வந்து சேர்ந்தபோது மணி பத்து முப்பத்தேழு.

கோபாலசாமி சார் வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உம்பட அப்பன்கிட்டச் சொல்லி வெக்கறேன் இரு" என்றார். பிறகு நிழலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டு மணி வரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்றார்.

"நகத்தத்தானுங்க கூடாது. நட்டு இறுக்கலாமுங்க" என்றேன்.

அவர் சட்டைப் பையில் இருந்த உங்கள் காகிதத்தை எடுத்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. "உன்னுடையது என்பதால் போனேன்" என்று எழுதிய வரியைத் தினமும் ஒரு முறை படிக்கிறேன். அந்தக் கோபம் எப்போது போகும் என்று தெரியாது. நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நேற்று நான் போயிருக்கவும் மாட்டேன்.

பவன் அண்ணனின் கார் டிக்கியில் இருந்து ரெஞ்சை எடுத்து வந்தேன். முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். முதல் நட்டு முக்கால் சுற்று திரும்பிய பிறகுதான் 'டக்' என்றது. நிதீஷ் அண்ணனிடம் என் மஞ்சள் பேனாவைக் கேட்டு வாங்கி, அதன் மேல் ஒரு கோடு போட்டேன்.

மோகனப்பிரியா